சிறுதெய்வம் அல்ல, காவல் தெய்வம்

ஆடி பிறந்ததும் தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு வடசென்னைக்கு வந்துவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ ஒரு தெருவில் கூழ் ஊற்றுவதைக் காட்டுவார்கள். பின்னணிக் குரல் 'சிறுதெய்வ வழிபாடு' என்று ஆரம்பித்துவிடும். அண்டா முன்னால் தூக்குவாளியோடு நிற்கிற பெண்களிடம் போய், "உங்க சிறுதெய்வத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அந்தத் தெருவில் யார் வாயிலும் இல்லாத சொல் அது. அவர்களுக்கு அவள் அம்மன், ஆத்தா, எல்லையைக் காக்கிறவள்.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெய்வங்களுக்கு எழுத்தில் வழங்குகிற இன்னொரு பெயரான 'கிராம தேவதை' வடமொழித் தொடர். 'தேவதா' பெண்பால் சொல்தான், ஆனால் ஆண் தெய்வத்துக்கும் வரும். தெய்வம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 1713-ல் தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மனில் எழுதியபோது கிராம தேவதைகளைத் தனி வகையாக வைத்தார். கோயில் பத்திரிகைகளில் இன்றும் அந்தச் சொல் அச்சாகிறது. அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

சண்டை 'சிறுதெய்வ'த்தோடுதான். அது பழைய சொல் என்பார்கள். பழையதுதான். 'சென்று நாம் சிறுதெய்வம் சேர்வோம் அல்லோம், சிவபெருமான் திருவடியே சேரப் பெற்றோம்' என்று அப்பர் பாடினார். அங்கே பேசுவது ஒரு சிவனடியாரின் உறுதி. சிவனுக்கு முன்னால் மற்றதெல்லாம் சிறிது என்கிறார். வள்ளலாரும் 'நலிதரு சிறிய தெய்வம்' என்றார். ஏழுகிணற்றில் குடியிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய்க் கும்பிட்டவர் அவர். ஆடும் பன்றியும் கோழியும் பலிக்குப் போவதைக் கண்டு நடுங்கிய மனசு அது, அந்த வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் சொன்னது தீர்ப்பு. ஒருவர் பக்தியில் நின்று சொன்னார், இன்னொருவர் கருணையில் நின்று சொன்னார். அந்தத் தீர்ப்பை எடுத்து ஒரு வகைப்பெயராக ஒட்டி, பாடப்புத்தகத்திலும் செய்தியிலும் போடுவது என்ன நியாயம்?

'சிறு' என்பது அளவைத்தான் குறிக்கிறது, இழிவு அதில் இல்லை என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. எந்த அளவு? ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் வடசென்னையின் பாதித் தெருக்கள் பெரியபாளையத்துக்குப் புறப்பட்டுப் போகின்றன. அங்கே வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுகிற கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் பவானியம்மனைச் சிறியவள் என்று சொல்ல மாட்டார். மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் பங்குனிப் பெருவிழா தொடங்குமுன் கோலவிழியம்மனுக்குப் பூஜை நடந்தாக வேண்டும். திருவொற்றியூரில் தியாகராஜர் கோயிலுக்கு உள்ளேயே வட்டப்பாறையம்மன் இருக்கிறாள். அவளுடைய உக்கிரத்தைத் தணிக்க ஆதிசங்கரரே வந்தார் என்பது அந்தக் கோயில் மரபு. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டும் ஊர் ஊராக வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது பிடாரி கோயில், ஐயன் கோயில், காடுகாள் கோயில் என்று பெயர் சொல்லியே எழுதுகிறது. நிலக்கணக்கு எழுதியவருக்கே 'சிறு' என்ற அடைமொழி தேவைப்படவில்லை.

ராபர்ட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் படித்தவர்களுடையது பெருமரபு, கிராமத்து மக்களுடையது சிறுமரபு என்று பிரித்தார். அதைப் படித்துவிட்டு எழுதுகிறவர்களுக்குச் 'சிறுதெய்வம்' கையோடு கிடைத்தது, அப்புறம் யோசிக்கவே இல்லை. 'நாட்டார் தெய்வம்' பரவாயில்லை; இழிவு கிடையாது. ஆனால் அது கும்பிடுகிறவர் யார் என்று சொல்கிறதே தவிர, தெய்வம் என்ன செய்கிறது என்று சொல்வதில்லை.

செய்கிற வேலை காவல். கா, காத்தல், காவல் எல்லாம் நம் வேர்ச்சொல். 'காவல் தெய்வம்' மக்கள் வாயிலும் இருக்கிறது, எழுத்திலும் நிற்கிறது. இடத்தையும் சொல்ல வேண்டுமென்றால் 'ஊர்க்காவல் தெய்வம்'. கிராமத்தை விட ஊர் நல்லது. தண்டையார்பேட்டை 1693-லும், வியாசர்பாடியும் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 1708-லும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது கிராமங்கள்தான். இன்று அங்கே வயல் இல்லை, கிராமம் இல்லை. ஊர் இருக்கிறது, காப்புக் கட்டுகிறார்கள், அம்மன் வீதியுலா வருகிறாள். 'தெய்வம்' மட்டும் தமிழா என்று கேட்பார்கள். 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை' என்று தொல்காப்பியமே எடுத்து ஆண்ட சொல்லை நான் தள்ளத் தயாராக இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு கெடுதலும் செய்திருக்கிறார்கள். சிறகு முளைத்த வெள்ளை உடைப் பெண்களுக்கெல்லாம் 'தேவதை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளில் 'காவல் தேவதை' என்று வருவது இறக்கை வைத்த வானதூதர். ராயப்பர் பெயரில் ஊரே இருக்கிற ராயபுரத்தில் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களைக் கேட்டால் 'காவல் சம்மனசு' என்று சொல்லியிருப்பார்கள். குழப்பமே வந்திருக்காது. இப்போது 'கிராம தேவதை' என்று படிக்கிற பிள்ளை, சூலமும் வேப்பிலையும் ஏந்தி ஊர் எல்லையில் உட்கார்ந்திருப்பவளை எப்படி அடையாளம் காணும்?

ஆகவே பொதுவாக எழுதும்போது 'காவல் தெய்வம்' போதும். பெண் தெய்வம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஊர்க்காவல் அம்மன்'. பெயர் தெரிந்த இடத்தில் வகைப்பெயரே வேண்டாம். அங்காளம்மன், எல்லையம்மன், கங்கையம்மன், பொன்னியம்மன் என்று கேட்டு எழுதுங்கள்.