அடக்ட்: தமிழில் ‘புரத ஒட்டு’

தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பூச்சிமருந்து தெளிப்பதை ‘மருந்தடி’ என்பார்கள். மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். அடித்த மருந்தில் எவ்வளவு உடம்புக்குள் போயிருக்கிறது என்பதை ரத்தத்தில் தேடும்போது ஆய்வாளர்கள் சொல்லும் சொல் ‘அடக்ட்’ (adduct).

உடலுக்குள் நுழையும் சில ரசாயனங்கள் ரத்தப் புரதத்தோடு சகப்பிணைப்பால் இறுகச் சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்து உண்டாவதே அடக்ட். பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினிலும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருக்கும் அல்புமினிலும் அதைத் தேடுவார்கள். பல ரசாயனங்களின் தடயம் சிறுநீரில் சில நாளில் மறைந்துபோகும். சிவப்பணுவோ சுமார் 120 நாள் வாழும். அதன் ஹீமோகுளோபினில் உறுதியாக ஒட்டியது அதுவரை கூடவே இருக்கும். அல்புமினின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் காலம், சுமார் 20 நாள் என்பதால் அது சில வாரக் கணக்கைத்தான் சொல்லும்.

இந்த வகைப் பரிசோதனை ஒன்று நம் ஊர்களில் எல்லாருக்கும் பழக்கம்: மூணு மாசச் சர்க்கரை டெஸ்ட், அதாவது எச்பிஏ1சி. ஹீமோகுளோபின் சங்கிலியின் முனையில் இருக்கும் வாலின் என்ற அமினோ அமிலத்தில் குளுக்கோஸ் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அதில் அளக்கிறார்கள். அக்ரிலமைடு, எத்திலீன் ஆக்சைடு போன்ற ரசாயனங்கள் ஒட்டியிருப்பதைத் தேடுவதும் பெரும்பாலும் அந்த முனை வாலினில்தான்.

அடக்ட் என்ற சொல் ஜெர்மன் வேதியியலிலிருந்து வந்தது. ‘சேர்க்கை’, ‘விளைபொருள்’ என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சுருக்கி இணைத்து அங்கே உருவாக்கினார்கள். அருகே இழுத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையின் சாயலும் அதில் இருக்கிறது.

இந்த அளவீட்டின் வலிமையைக் காட்டியது ஸ்வீடன். 1997இல் ஹாலந்சோஸ் மலையில் ரயில் சுரங்கம் தோண்டியபோது, நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய பொருளிலிருந்து அக்ரிலமைடு தண்ணீரில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தில் அக்ரிலமைடு ஒட்டு இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒப்பீட்டுக்காகச் சோதித்த, சுரங்கத்தோடு தொடர்பே இல்லாதவர்களிடமும் கொஞ்சம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய், மாவுச்சத்துள்ள உணவை அதிகச் சூட்டில் பொரித்தாலும் சுட்டாலும் அக்ரிலமைடு உண்டாகிறது என்று 2002இல் அறிவித்தார்கள். சிப்ஸில் அக்ரிலமைடு என்ற பேச்சு இப்படித் தொடங்கியதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கூட்டுவிளைபொருள்’ என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் எது எதோடு கூடியது என்பது அதில் தெரியவில்லை, ‘கூட்டுப்பொருள்’ என்பதோடும் குழம்பும். ‘புரத ஒட்டு’ என்பதே என் தேர்வு. ஒட்டுக்கன்று, ஒட்டுமா என்று வளர்க்கும் மக்களுக்கு, ஒட்டு என்றால் மேலே பூசியது அல்ல, ஒன்றாகிப்போனது என்று விளக்க வேண்டியதில்லை. ‘உயிர்க்குறிப்பான்’ (பயோமார்க்கர், உடலின் நிலையையோ உள்ளே போனதையோ காட்டும் எந்த அளவீடும்) இதைவிடப் பரந்த சொல். ஒட்டு அதில் ஒரு வகை. (தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நம் புரதம் மலையாளப் பாடநூலில் ‘மாம்ஸ்யம்’.)

பூச்சிமருந்துக்கு வருவோம். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதிப்புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டி அதை முடக்குகிறது. அந்த ஒட்டை நேரடியாக அளக்க, மூலக்கூறுகளை நிறையை வைத்து இனம் காணும் நிறை நிறமாலைமானி வேண்டும். மருத்துவமனைகள் செய்வது எளிய வழி: முடங்காமல் மீதி வேலை செய்யும் நொதி எவ்வளவு என்று பார்ப்பது. இந்த அளவு ஆளுக்கு ஆள் இயல்பிலேயே மாறும். அதனால் மருந்தடி தொடங்கும் முன்பே ஒருமுறை ரத்தம் எடுத்து, அவரவர் அடிநிலை அளவைக் குறித்துவைப்பது முக்கியம். கலிபோர்னியாவில் 1974 முதல் தோட்டங்களில் இந்த மருந்துகளைத் தொடர்ந்து கையாள்பவர்களுக்கு இது சட்டம். சிவப்பணுவில் உள்ள நொதி அடிநிலையில் 70 சதவீதத்துக்கோ பிளாஸ்மாவில் உள்ளது 60 சதவீதத்துக்கோ இறங்கினால் ஆளை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். 80 சதவீதத்துக்குத் திரும்பிய பிறகே மறுபடி சேர்க்கலாம். இடுக்கியில் ஸ்ப்ரேயர் பிடிக்கும் ஒவ்வொருவரும் முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டியது இந்த அடிநிலைப் பரிசோதனையைத்தான்.