சூட்சுமம் மூட்டில்தான்

மாதிரி ரயில் பாதை என்றதும் பலர் முதலில் வரைவது மலை, சுரங்கம், ஸ்டேஷன். மாட்யூல் முறையில் கட்டுவதென்றால் முதலில் முடிவு செய்ய வேண்டியது பலகையின் ஓரம். ஒவ்வொரு மாட்யூலும் மற்றதோடு மாட்டிக் கழற்றக்கூடிய ஒரு தனிப் பெட்டி. அதன் நடுவில் வயலோ தொழிற்சாலையோ எது வைத்தாலும் உங்கள் இஷ்டம். ஓரத்தில் மட்டும் தண்டவாளத்தின் இடம், தரையிலிருந்து உயரம், ஒயர் இணைப்பு மூன்றும் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் உருவான என்-டிராக் முறை இதைத்தான் விதியாக்கியது. அதனால்தான் யாரோ கட்டிய பெட்டியை இன்னொருவர் பெட்டியோடு மாட்ட முடிகிறது.

பெட்டியின் அளவை உங்கள் வாசற்கதவே சொல்லிவிடும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் என்றால் தாராளமாக நுழையும். ஆனால் வளைவு வந்ததும் சிக்கல். எச்.ஓ. (HO) என்ற மாதிரி ரயில் அளவு நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 23 மீட்டர் ரயில் பெட்டி அதில் 26 செ.மீ. ஆகிறது. வளைவின் ஆரம் அந்த ரயில் பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும், அதாவது 80 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ரயில் திரும்பி வர அரை வட்டம் போட்டால் அதுவே ஒன்றரை மீட்டருக்கு மேல் கேட்கும். இடம் குறைவென்றால் 160-ல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவுக்குப் போவது நல்லது.

இனி மூட்டு. எச்.ஓ. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. தான். மூட்டில் அரை மி.மீ. விலகினால் நிஜ ரயிலுக்கு அது நாலு செ.மீ.க்கு மேல். சக்கரத்தின் விளிம்பே ஒரு மி.மீ. இருக்காது; தடம் புரளாமல் என்ன செய்யும்? ஆகவே இரண்டு பெட்டிகளையும் போல்ட்டால் இறுக்கிவிட்டு, மூட்டின் மேலேயே ஒரே தண்டவாளத்தைப் பதித்து, மூட்டின் இரு பக்கமும் அதைப் பித்தளைத் திருகுகளில் சால்டர் வைத்து, கடைசியில் மூட்டுக்கு நேராக மெல்லிய ரம்பத்தால் அறுப்பார்கள். மறுபடி சேர்க்கும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். போல்ட் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. அதை நம்பாமல் பக்கத்தில், எதிர்ப் பெட்டியின் துளையில் ஆடாமல் பொருந்தும் இரண்டு ஊசி முளைகள் வைப்பது அதற்காகத்தான். பலகைக்கு பிளைவுட் போதும். சாதா மரம் ஈரக்காற்றில் குறுக்குவாக்கில் உப்பும். மூட்டுக்குப் பக்கத்தில் வளைவும் வேண்டாம். சில அங்குலமாவது நேராகப் போகட்டும்.

மின்சாரத்துக்கும் மூட்டுதான் பலவீனமான இடம். தண்டவாளமாக வரும் நிக்கல் சில்வர் உலோகத்தில் பெயருக்குக்கூட வெள்ளி கிடையாது. செம்பைவிட அதற்கு மின்தடை பல மடங்கு. அதை மட்டும் நம்பினால் ஐந்தாவது பெட்டியில் எஞ்சின் மூச்சு வாங்கும். எனவே அடியில் தடிமனான இரண்டு செம்பு ஒயர்களை நீளமாக ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு கிளை தர வேண்டும். முன்பக்கத் தண்டவாளம் சிவப்பு, பின்பக்கம் கறுப்பு என்று நிறத்தை எழுதி ஒட்டிவிடுங்கள். நான் ஒரு பெட்டியில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். தனியாக ஓட்டியபோது ரயில் அழகாகப் போனது. அடுத்த பெட்டியோடு சேர்த்ததும் ஷார்ட்!

எல்லாம் மாட்டி முடித்ததும், மின்சாரம் தரும் முனையிலிருந்து தூரத்தில் உள்ள தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். கன்ட்ரோலர் உடனே தானாக அணைந்தால் சரி. அணையவில்லை என்றால் நாணயத்தை எடுத்துவிட்டுப் பலகைக்கு அடியில் குனிய வேண்டியதுதான்: ஒயர் மெலிசாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு இணைப்பு சரியாக உட்காரவில்லை.