கயாக்கில் பாஸ் பிடிக்க ஒன்ராறியோவில் என்னென்ன வேண்டும்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. அதில் இருந்தபடி தூண்டிலைப் போட்டால் மீன்பிடி லைசென்ஸ் தேவை. படகுக்கான விதிகளை மத்திய அரசு போடுகிறது, மீனுக்கான விதிகளை மாகாண அரசு போடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. கலிடோனியா, கயூகா ஊர்களின் பக்கம் கிராண்ட் ஆறு மெதுவாகத்தான் ஓடும், துடுப்புக்கு அதிக வேலை இருக்காது. ஸ்மோல்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைத் தேடிக் கயாக்கில் போகிறவர்களுக்கு ஏற்ற ஆறு என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் மீன் லைசென்ஸ். ஒன்ராறியோவாசிகளில் 18 முதல் 64 வயது வரையானவர்கள் ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ எடுத்து, அதோடு மீன்பிடி லைசென்ஸும் வாங்க வேண்டும். கார்ட் மூன்று வருடத்துக்குச் செல்லும். லைசென்ஸில் ஸ்போர்ட், கொன்சர்வேஷன் என்று இரண்டு வகை உண்டு. மலிவான கொன்சர்வேஷனில் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீன்களின் எண்ணிக்கை குறைவு. பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி விடுகிறவர்களுக்கு அதுவே போதும், கூடக் காசு கொடுத்து ஸ்போர்ட் வாங்குவது வீண் என்பேன். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 அல்லது அதற்கு மேல் ஆனவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பெயரும் பிறந்த தேதியும் உள்ள அரசு அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இதற்கு அடுத்த விஷயத்தை. இந்த வயதுச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ விசிட் வந்த அப்பாவுக்கு 70 வயதானாலும், அவர் தூண்டிலைக் கையில் எடுக்க வேண்டுமென்றால் வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். விசிட் வந்த 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் பிடிக்கலாம். அவர்கள் வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும். புதிதாகக் குடியேறியவர்களும் கவனிக்க வேண்டும்: உள்ளூர்வாசி என்ற கணக்கில் வருவதற்குத் தொடர்ந்து 6 மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கக்கூடிய இலவச நாட்களும் வருடத்தில் சில உண்டு: பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மேயில் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, பிறகு ஜூன் கடைசியை ஒட்டி ஜூலை தொடக்கம் வரை ஒரு வாரம். இவையும் கனடாவாசிகளுக்கே. அன்று கொன்சர்வேஷன் லைசென்ஸின் எண்ணிக்கைதான் எல்லாருக்கும். பாஸ் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு இதில் ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கிறது. கிராண்ட் ஆறு ஓடும் 16ஆம் மீன்பிடி வலயத்தில் பாஸ் சீசன் ஜூன் மாதத்து நான்காவது சனிக்கிழமைதான் திறக்கும், நவம்பர் 30 வரை போகும். தந்தையர் தினம் ஜூன் மூன்றாவது ஞாயிறு. ஆக, இலவச நாட்களில் பாஸுக்கு உதவுவது அந்தக் கடைசி வாரம் மட்டும்தான்.

“பிடித்து உடனே விட்டுவிடுவேன், அதற்கு என்ன சீசன்?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சீசன் மூடியிருக்கும்போது விட்டுவிடும் எண்ணத்தோடு பாஸைத் தேடிப் பிடிப்பதும் குற்றம்தான். காரணம் இருக்கிறது. தண்ணீர் சூடேறும் வசந்த காலக் கடைசியில் ஆண் மீன் ஆற்றடிச் சரளையைத் துப்புரவாக்கிக் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும். முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண் மட்டும்தான். தூண்டிலில் மாட்டிச் சில நிமிடம் அது விலகினாலே சுற்றி நிற்கும் மற்ற மீன்கள் கூட்டைக் காலி செய்துவிடும். வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தற்செயலாகப் பாஸ் வந்தால் உடனே தண்ணீரில் விட வேண்டும், படம் எடுத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

சீசனில் ஸ்மோல்மவுத், லார்ஜ்மவுத் என்ற இரண்டு பாஸ் வகைகளையும் சேர்த்து ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 6 மீன், கொன்சர்வேஷனுக்கு 2 வைத்துக்கொள்ளலாம். ஆற்றில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான். கயாக்கில் இரண்டு தடி மாட்டும் குழாய் இருக்கிறதே என்று இரண்டையும் போட்டுவிடாதீர்கள். பாரிஸ், பிராண்ட்ஃபோர்ட் பக்கம் ஆற்றின் சில பகுதிகளுக்குத் தனி விதிகள் உண்டு. மாகாணத்தின் ‘ஃபிஷ் ஆன்லைன்’ வரைபடத்தில் நீங்கள் இறங்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். பாஸுக்குக் கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) என்றால் உயிர். ஆனால் அதைப் பிடித்த இடத்திலேயே பயன்படுத்த வேண்டும், தரைவழியாக வேறு ஆற்றுக்குக் கொண்டுபோகக்கூடாது. பிடித்த மீனை விற்பதும், உயிரோடு வாளியில் வைத்துக் காரில் ஏற்றுவதும் தடை.

இனி கயாக். ஆளுக்கொரு அங்கீகரிக்கப்பட்ட லைஃப் ஜாக்கெட், விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஏதாவது ஒன்று, இருட்டில் போனால் விளக்கு. பெரியவர்கள் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தாலே சட்டத்துக்குப் போதும், நானோ போடாமல் ஏற வேண்டாம் என்பேன். இடுப்பில் கட்டும் ஊதும் வகை என்றால் போட்டிருந்தால்தான் கணக்கில் வரும், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது ஆகாது. கயாக்கில் சின்ன மின்மோட்டார் பூட்டினீர்களோ, கதை மாறிவிடும்: படகு ஓட்டும் தகுதி அட்டை வேண்டும். திறந்த பியர் கேன் கூடாது. துடுப்புப் போடும் படகுதானே என்று குடித்துவிட்டு ஓட்டினாலும் வழக்கு வரும்.

2022 ஜனவரி 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கயாக்கைக் காரில் ஏற்றிப் புறப்படும் முன் ஒட்டியிருக்கும் நீர்ச்செடி, சிப்பி எல்லாவற்றையும் எடுத்துப்போட்டு, அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். அந்நிய உயிரினங்கள் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பதற்கான சட்டம் இது.

மீனைக் குழம்பு வைக்கும் எண்ணம் இருந்தால், ஒன்ராறியோ மீன் உண்பதற்கான அரசு வழிகாட்டியை ஒருமுறை பாருங்கள். இடம், மீன் வகை, நீளம் மூன்றையும் கொடுத்தால் மாதத்தில் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று சொல்லும். சிறுபிள்ளைகளுக்கும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கும் அதில் அளவு தனி.