மாவு பதில் சொல்லும்

1953-இல் ஹார்வர்டு உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், மகள் படித்த பள்ளியில் கணக்கு வகுப்பொன்றைப் பார்த்தார். போட்ட கணக்கு சரியா தப்பா என்று பிள்ளைகளுக்கு அங்கேயே தெரியவில்லை. அவர் உடனே ஒரு பெட்டி செய்தார். விடை சரியாக இருந்தால்தான் அடுத்த கேள்வி வரும். இன்றைய கற்றல் ஆப்களுக்கு அது தாத்தா.

டிவிக்கு அந்தத் திறமைகூடக் கிடையாது. 1969-இல் செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி தொடங்குமுன், அதன் ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் டிவிக்குப் பக்கத்தில் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும் இன்னொரு திரையை வைத்தார். குழந்தையின் கண் எப்போது அந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்து, நிகழ்ச்சியைத் திருத்தினார்கள். சரி, குழந்தை பார்க்கிறது. பார்த்தது உதவுகிறதா?

1998-இல் உளவியலாளர்கள் ட்ரோசெத், டிலோச் இருவரும் இதைச் சோதித்தார்கள். பக்கத்து அறையில் பொம்மையை ஒளித்துவைப்பதை ஜன்னல் வழியே பார்த்த 2 வயதுக் குழந்தைகள் நேரே போய் எடுத்தார்கள். அதையே டிவியில் பார்த்தவர்கள் பலர் தடுமாறினார்கள். பிறகு 2006-இல் ட்ரோசெத் குழுவின் இன்னொரு சோதனையில், திரையில் இருப்பவர் குழந்தையோடு நேரடியாகப் பேசி, அது சொல்வதற்கெல்லாம் பதில் சொன்னார். அப்புறம் பொம்மை இருக்கும் இடத்தைச் சொன்னார். இப்போது தேடல் தேறியது. ஆக, குறை திரையில் இல்லை, அது பேசாமடந்தையாக இருப்பதில்தான்.

1996-இல் வந்த ப்ளூஸ் க்ளூஸ் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சி இதற்கு ஒரு தந்திரம் செய்தது: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும். நம்ம வீட்டு வாண்டு “எருமை!” என்று கத்தினாலும் கிடைப்பது அதே பாராட்டுதான், அது வேறு விஷயம்.

உண்மையிலேயே பதில் சொல்வது வேண்டுமா? சூப்புக்குப் போடும் கார்ன்ஃப்ளாரை எடுங்கள். இரண்டு பங்கு மாவு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். விரலை மெல்ல விட்டால் பாயசம் போல் உள்ளே போகும்; ஓங்கிக் குத்தினால் கல். மெதுவாக அழுத்தும்போது துகள்கள் தண்ணீரில் வழுக்கி விலகுகின்றன. வேகமாகக் குத்தினால் விலக நேரமில்லை. ஒன்றோடொன்று உரசிப் பூட்டிக்கொள்கின்றன. டிவியில் இதைப் பார்த்தால் வேடிக்கை, அவ்வளவே. கையால் செய்யும் குழந்தைக்குத் தண்ணீர் கூடினால் வெறும் கஞ்சி, குறைந்தால் பொடிக்கட்டி. ஸ்கின்னரின் பெட்டிக்குத் தெரிந்தது சரி, தப்பு இரண்டே. மாவோ எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்றுகூட விரலுக்குச் சொல்லிவிடுகிறது. ஒரு கரண்டி மாவு சேர்த்தால் மறுபடி கல்லாகும். கோதுமை மாவில் ஏன் வரவில்லை என்று குழந்தையே அடுத்துக் கேட்கும்.

சட்டை, தரை, தலைமுடி எல்லாம் மாவாகும், துடைத்தால் போகும். மிச்சத்தை மட்டும் சிங்க்கில் கொட்டாதீர்கள், அடியில் படிந்து குழாயை அடைக்கும்.