இன்டென்ட் எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது

அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என்ன பொருள், எப்படிப்பட்டது வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கோரிக்கையைத்தான் நாங்கள் இன்டென்ட் என்போம். "சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத பொருளாகப் பார்த்து வாங்கலாமே" என்று யார் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். "குறைந்த விலை போட்டவரிடம்தானே சார் வாங்க முடியும்? நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் யார் பதில் சொல்வது?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

1998-ம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10-வது பிரிவை நிதானமாகப் படித்த பிறகுதான் அது விலகியது. குறைந்த டெண்டர் எது என்பதை, டெண்டர் ஆவணத்திலேயே சொல்லப்பட்ட, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்து முடிவு செய்யச் சொல்கிறது சட்டம். மின்செலவும் அப்படி ஒரு காரணிதான். ஆனால் அதை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். டெண்டர் உறையைப் பிரித்த பிறகு நல்ல பொருளைத் தேடிப் பயனில்லை.

மின்விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகை சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற, மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது 30 வாட்டுக்குள் ஓடிவிடும். தினம் 8 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் என்று கணக்குப் போட்டால் ஒரு விசிறிக்கு 90 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 720 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரத்துச் சொச்சம் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுகிறது. இது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? விசிறி வாங்குவது ஒரு கணக்குத் தலைப்பில், மின்கட்டணம் கட்டுவது வேறொரு தலைப்பில். இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை. ஒருமுறை இரண்டையும் சேர்த்து வைத்து அதிகாரியிடம் காட்டினேன், அடுத்த இன்டென்டில் இத்தனை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்துவிட்டது.

பிரிண்டர் விஷயத்தில் நாங்கள் தவறவிட்டதும் உண்டு. தானாக இரண்டு பக்கமும் அச்சடிக்கும் வசதி வேண்டும் என்ற ஒரு வரியை விவரக்குறிப்பில் சேர்க்கவில்லை. வந்தவை எல்லாம் ஒரு பக்கம் மட்டும் அடிப்பவை. கையால் தாளைத் திருப்பி வைக்க, அவசர வேலையில் இருப்பவருக்கு ஏது நேரம்? அவை பழுதாகும் வரை ஒரு பக்கம் வெறுமையாகவே தாள்கள் கோப்பில் ஏறின. நகல் எடுக்கும் வெள்ளைத்தாளையும் மெல்லியதாக, மலிவாக வாங்கினால் மறுபக்கத்து எழுத்து தெரியும், இயந்திரத்திலும் சிக்கும். கடைசியில் யாரும் இரண்டாம் பக்கத்தைத் தொடமாட்டார்கள். கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் அரசு ஆலையே கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நல்ல தாளுக்கு நாம் அலைய வேண்டியதில்லை.

டீ கோப்பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. பேப்பர்தானே என்று நம்பி இன்றும் பல அலுவலகங்களில் கட்டுக்கட்டாக வாங்குகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். எவர்சில்வர் டம்ளர் ஒருமுறை வாங்கினால் போதும். அதைக் கழுவுவது யார் என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கப் திரும்பி வந்துவிடும்.

என்னை அதிகம் வருத்துவது பழைய கணினிகள்தான். கழிவு செய்யப்பட்டவற்றை அதிக ஏலம் கேட்ட காயலான் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அங்கே செம்புக்காக வயரைத் திறந்தவெளியில் எரிப்பார்கள், கணினிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் போடுவார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அங்கே கூலிக்கு வேலை செய்கிறவர். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, ஆயிரம் மின், மின்னணுக் கருவிகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் அமைப்புகள் பழையவற்றை, மறுசுழற்சியாளர் போன்ற பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். சிறிய அலுவலகமும் அதையே செய்யலாம், தடுப்பவர் யாருமில்லை.

நாங்கள் இப்போது புதிய கணினிக்கு இன்டென்ட் போடும்போதே ஒரு நிபந்தனை சேர்க்கிறோம்: பழையதை எடுத்துச் செல்ல வேண்டும், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் சான்றையும் தர வேண்டும். வராந்தாவை அடைத்துக்கொண்டு கிடந்த மானிட்டர்கள் அப்படித்தான் போயின. அந்த இடத்தில் மனு கொடுக்க வருகிறவர்கள் உட்கார இரண்டு பெஞ்ச் போட்டிருக்கிறோம்.