வாங்குபவரைத் தெரியும், அவருடைய வங்கியைத் தெரியுமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் வாங்குபவர் நாணயமானவர், பல வருடப் பழக்கம். சரக்கு பட்டர்வொர்த்தில் கப்பல் ஏறிவிட்டது. பணத்தை அனுப்பிவிட்டதாக அவர் ரசீதும் காட்டுகிறார். ஆனால் ஜார்ஜ்டவுனில் இருக்கும் வங்கிக் கணக்கில் ஒரு காசும் வரவில்லை. வாங்குபவரின் வங்கி அமெரிக்காவின் தடைப்பட்டியலில் (பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலில்) இருந்தால் இப்படி நடக்கலாம்.

இந்த இடைவெளி புரிய வேண்டுமென்றால், டாலர் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும். டாலர் நோட்டு எதுவும் நாடு விட்டு நாடு போவதில்லை. வாங்குபவரின் வங்கிக்கு நியூயார்க்கில் ஏதாவது ஒரு பெரிய வங்கியில் கணக்கு இருக்கும். நம் பினாங்கு வங்கிக்கும் அப்படியே. இவற்றைக் கரஸ்பாண்டண்ட் கணக்கு என்பார்கள். அங்கே ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் கூட்டுவதுதான் 'பணம் அனுப்புவது'. வங்கிகள் செய்தி பரிமாறும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாகப் போவது வெறும் தகவல். ஆக, விற்பவரும் வாங்குபவரும் ஆசியாவிலேயே இருந்தாலும், டாலர் என்றால் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்குள் ஒரு நொடியாவது நுழைந்துதான் வெளியே வர வேண்டும்.

ஒரு தனியார் வங்கியை அமெரிக்க நிதித்துறை தடைப்பட்டியலில் சேர்த்தால், பிடி விழுவது அங்கேதான். நியூயார்க் வங்கியின் மென்பொருள் ஒவ்வொரு தகவலிலும் உள்ள பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பெயர் பொருந்தினால் பணம் முடக்கக் கணக்குக்குப் போய்விடும். வெளியே எடுக்க அமெரிக்க நிதித்துறையின் உரிமம் வேண்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு 50 விழுக்காடோ அதற்கு மேலோ சொந்தமான நிறுவனத்துக்கும், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், இதே கதிதான். பெயரை மட்டும் தேடிப் பார்ப்பது போதாது என்பது இதனால்தான்.

"மலேசியா ஐ.நா. தடைகளை மட்டும்தானே ஏற்கிறது?" என்று கேட்கலாம். உண்மைதான், 2024 மே மாதம் உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோனும் அதைத்தான் சொன்னார். ஐ.நா. பட்டியலே நம் வாசலுக்கு வந்ததும் உண்டு: 2010இல் ஐ.நா.வின் 1929 என்ற எண்ணுள்ள தீர்மானம், ஈரானின் பேங்க் மெல்லாத்துடன் தொடர்புள்ள, மலேசியாவின் லாபுவான் தீவில் இருந்த வங்கி ஒன்றைச் சேர்த்தது. ஆனால் அமெரிக்கத் தடையை நம் சட்டம் ஏற்காவிட்டாலும், நியூயார்க் கணக்கை இழக்க எந்த உள்ளூர் வங்கியும் துணியாது. சந்தேகம் வந்தாலே கதவைச் சாத்திவிடும்.

பக்கத்து ஊர் உதாரணம் இன்னும் உறைக்கும். சிங்கப்பூரின் சிஎஸ்இ டிரான்ஸ்டெல் நிறுவனம், ஈரான் வேலைகளுக்குத் தன் கணக்கைப் பயன்படுத்த மாட்டேன் என்று வங்கிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ஈரான் திட்டங்களுக்கான கட்டணங்களை அதே கணக்கிலிருந்து டாலரில் அனுப்பியது. அமெரிக்க நிறுவனமே அல்ல. ஆனாலும் பணம் கடந்துபோன அமெரிக்க வங்கிகளைச் சட்டத்தை மீற வைத்ததாகக் கூறி 2017இல் 12 மில்லியன் டாலர் கட்ட வைத்தார்கள்.

அதனால் ஒப்பந்தத்திலேயே பணம் எந்த வங்கி வழியாக, எந்த நாணயத்தில் வரும் என்று எழுத வேண்டும்; எல்.சி. (வாங்குபவருக்காக வங்கி தரும் பண உறுதிக்கடிதம்) திறக்கும் வங்கியின் உரிமையாளர் யாரென்று பார்க்க வேண்டும். நாணயத்தை மாற்றினால் நியூயார்க்கைத் தவிர்க்கலாம், அபாயம் முழுக்கப் போகாது. தடைப்பட்ட வங்கியோடு பெரிய அளவில் தொழில் செய்யும் வெளிநாட்டவரையே பட்டியலில் சேர்க்கும் இரண்டாம் நிலைத் தடைகளும் இருக்கின்றன.

தடை தளர்ந்தாலும் பயம் தளராது. 2005இல் சீனாவின் மக்காவ் நகரிலுள்ள பாங்கோ டெல்டா ஆசியா என்ற தனியார் வங்கியை, வடகொரியப் பணத்துக்காக அமெரிக்கா சுட்டிக்காட்டியது. அப்போது அது, அந்த வங்கியை அமெரிக்க வங்கிகளிலிருந்து துண்டிக்கலாம் என்ற வெறும் முன்மொழிவுதான். அதற்கே வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். வடகொரியாவுடன் தொடர்புடைய சுமார் 25 மில்லியன் டாலர் முடங்கியது. 2007இல் அந்தப் பணத்தை விடுவிக்க அமெரிக்காவே சம்மதித்த பிறகும், அதைத் தொட வணிக வங்கிகள் தயங்கின. கடைசியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியும் ரஷ்ய மத்திய வங்கியும் நடுவில் நின்றுதான் அனுப்ப முடிந்தது. வங்கி மீதான நடவடிக்கையை அமெரிக்கா முறைப்படி விலக்கிக்கொண்டது 2020இல்.