பழைய கல் வீடு வாங்கப் போகிறீர்களா? சுவரில் சிமெண்ட் இருக்கிறதா பாருங்கள்

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் கிரெயில், பிட்டன்வீம், செயின்ட் மோனன்ஸ் பக்கம் பழைய வரிசை வீடு தேடுகிறவர்கள் துறைமுகத்தையும் சிவப்பு ஓட்டுக் கூரையையும் படிபடியாக ஏறும் பக்கச் சுவரையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். தப்பில்லை, அழகுதான். ஆனால் கட்டட சர்வேயராக நான் முதலில் பார்ப்பது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை. சுண்ணாம்பா, சிமெண்டா?

இந்தச் சுவர்கள் ஏறக்குறைய 60 செ.மீ. தடிமன். வெளியேயும் உள்ளேயும் கல், நடுவில் துண்டுக் கற்களும் சுண்ணாம்புக் காரையும். மழையில் கொஞ்சம் நனையும், காற்றடித்தால் அந்தச் சுண்ணாம்பு வழியாகவே காய்ந்துவிடும். பிற்காலத்தில் யாரோ ஒருவர் 'உறுதியாக இருக்கட்டும்' என்று சந்துகளில் சிமெண்டை அடைத்துவிட்டால், ஈரம் வெளியேற மிச்சமிருக்கும் வழி மணற்கல் மட்டும்தான்; கடல் காற்றோடு வந்த உப்பும் அதன் மேற்பரப்பில் படிகமாகிக் கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும், சிமெண்ட் மட்டும் வயல் வரப்பு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படிப் பார்த்தால் செலவுக் கணக்கைத் தொடங்கிவிடலாம்.

அடுத்தது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம். ஓதத்தைச் சரிசெய்வதாகச் சொல்லும் ஆட்கள் ஈரமானியைச் சுவரில் குத்துவார்கள், அது கத்தும், உடனே ஈரத்தைத் தடுக்கச் சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்ற மதிப்பீடு கொடுப்பார்கள். அந்தக் கருவி மரத்துக்காக அளவிடப்பட்டது. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. பழைய புகைபோக்கியின் கரியிலும் கடல் காற்றிலும் உள்ள உப்பு போதும், சுவர் அவ்வளவாக நனையாமலே கத்த வைக்க. தவிர, உள்ளே துண்டுக் கற்களும் இடைவெளிகளுமாக இருக்கிற சுவரில் ரசாயனம் தொடர்ச்சியான தடுப்பாக அமைவது கடினம்.

நான் பெரும்பாலும் காண்கிற காரணங்கள் சாதாரணமானவை. அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது (வரிசை வீட்டில் சுவர் பொது, சண்டையும் பொது). உள்தரையைவிட உயர்ந்துபோன வெளித்தரை. காற்றுத் துவாரமே இல்லாமல் அடைத்த புகைபோக்கி. முதலில் இவற்றைச் சரிசெய்து சுவர் காயக் காத்திருங்கள். இவ்வளவு தடிமனான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் பணம்தான் வீண்.

2008 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் பெரும்பாலான வீடுகளை விற்பவரே ஹோம் ரிப்போர்ட் என்ற வீட்டு நிலை அறிக்கையைத் தர வேண்டும். அதில் ஏதாவது ஒரு பகுதிக்கு 3 என்று போட்டிருந்தால் அவசரப் பழுது. ஆனால் அது கண்ணால் பார்த்து எழுதுவது, பூச்சை உடைத்துப் பார்ப்பதில்லை. பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஒருவரைத் தனியாக அழைத்துக் காட்டுங்கள்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலில் இருந்தால் ஏ, பி, சி எந்த வகையானாலும் பொதுவாக உள்ளும் புறமும் பாதுகாப்புக்குள் வரும். அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்துக்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி தேவை, அனுமதியில்லாமல் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதி வாங்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்தால், அதை மாற்றச் சொல்லும் நோட்டீஸ் உங்களுக்கும் வரலாம். விலை சொல்லும் முன்பே அந்த அனுமதிக் காகிதங்களை உங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) மூலம் கேட்டு வாங்குங்கள்.